ஸ்பைடர்மேனா, 20ஆம் நிலை வீரனா?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டுக்காகப் பகடை உருட்டும்போதெல்லாம் இந்தச் சண்டை வந்துவிடும்: ஸ்பைடர்மேன் பெரிய ஆளா, அந்த விளையாட்டின் உச்சமான 20ஆம் நிலையை எட்டிய வீரனா? சரி, நெல் மூட்டையிலேயே கணக்குப் போடலாம். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ.

மார்வெல் கையேடுகளின்படி ஸ்பைடர்மேன் தூக்குவது 10 டன். இருநூறு மூட்டைக்கு மேல், ஒரு லாரி லோடு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பில் வலிமை மதிப்பெண் 20 உள்ள வீரனுக்குத் தூக்கும் எல்லை 600 பவுண்டு, சுமார் 272 கிலோ. ஆறு மூட்டை, அவ்வளவுதான். தலையில் துண்டைச் சுருட்டி வைத்து மூட்டை ஏற்றும் நம்மூர் அண்ணன்கள் சிரிப்பார்கள்.

ஆனால் அதே வீரனைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து உச்சியிலிருந்து, 216 அடி, தள்ளிவிடுங்கள் (சாமி மன்னிக்கட்டும்). விழும் சேதத்துக்கு உச்சவரம்பு 20 அறுமுகப் பகடை. சராசரி 70 புள்ளி. உடல்திறனும் 20 இருந்தால் அவனிடம் 224 உயிர்ப்புள்ளி; 70 போனாலும் 154 மிச்சம். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, ஆறு நொடிச் சுற்றில் எட்டு வெட்டு வெட்டுவான். ஸ்பைடர்மேனோ வலை வீசித்தான் தப்பிக்கப் பார்ப்பார்.

லோடு ஏற்ற ஸ்பைடர்மேன். அடி வாங்க, என் ஓட்டு வீரனுக்கு.