போன் கொண்டுபோக முடியாத சைட்டுக்கு கேபிளிங் வேலைக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன் இதைப் படியுங்கள்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நெட்வொர்க் கேபிளிங் வேலை பார்க்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன். பாதுகாப்பு அதிகமுள்ள ஓர் அரசு வளாகத்தில் நாங்கள் நான்கு பேர் 23 நாள் வேலை பார்த்தோம். எங்களுக்கு வரவேண்டிய கூலியில் 87,400 ரூபாய் பாக்கியோடு வெளியே வந்தோம். எங்களை அங்கே கூட்டிப்போன சப் கான்ட்ராக்டர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மறுபடியும் ஆள் சேர்ப்பதாகப் போன வாரம் காதில் விழுந்தது. இந்தத் தடவை உள்ளே போகும் அனுமதிக்கு, அதாவது கிளியரன்ஸுக்கு, ஆளுக்கு ஐயாயிரம் கேட்கிறாராம். வளாகம் எது என்று எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. அந்த அலுவலகத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

2023 நவம்பரில் ஐந்து ரோட்டில் ஒரு டீக்கடையில் வைத்துத்தான் பேசினார். கேபிள் இழுக்க மீட்டருக்கு 10 ரூபாய், இரண்டு முனையும் டெர்மினேட் செய்து (ஜாக்கில் பொருத்தி) லேபிள் ஒட்டினால் பாயிண்டுக்கு, அதாவது ஒரு கேபிள் இணைப்புக்கு, 100 ரூபாய். சுமாரான ரேட்தான். ஆனால் இப்படிப்பட்ட சைட்டில் ஒருமுறை வேலை செய்தால் அடுத்தடுத்து கூப்பிடுவார்கள் என்று ஒப்புக்கொண்டேன். "போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆளுக்கு மூவாயிரம் ஆகும் தம்பி, மேல வரைக்கும் குடுக்கணும்" என்றார். ரொக்கமாகக் கொடுத்தோம். வொர்க் ஆர்டர் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு தம்பி பேப்பரு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

எங்களில் ஒருவன் ஏற்காட்டில் நாகலூர்க்காரன். இருபது வயது. அவன் கொடுத்த மூவாயிரம், அவன் அம்மா காப்பி பறித்து வாங்கிய கூலி. தினமும் முதல் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து சேர்வான்.

உள்ளே எப்படி இருக்கும் என்று போகாதவர்களுக்குத் தெரியாது. போனை கேட்டில் ஒப்படைக்க வேண்டும். கம்பியை ஜாக்கில் அழுத்துகிற க்ரோன் டூல், உறை உரிக்கிற ஸ்ட்ரிப்பர், டிரில் பிட் வரைக்கும் எண்ணி எழுதித்தான் உள்ளே விடுவார்கள், அதே கணக்கில்தான் வெளியே விடுவார்கள். எஸ்கார்ட் (கூடவே வருகிற வளாகத்து ஆள்) இல்லாமல் ஓர் அறையைக்கூடத் தாண்ட முடியாது. ஒன்பது மணிக்கே போய் நின்றாலும் எஸ்கார்ட் வர பதினொன்று ஆகிவிடும், நாலரைக்கு வெளியேறிவிட வேண்டும். மீட்டர் ரேட்டுக்கு வேலை செய்கிறவனுக்கு அந்த இரண்டு மணி நேரமும் நஷ்டம்தான். இதை ரேட் பேசும்போதே சொல்லி, காத்திருக்கிற நாளுக்குத் தனிக் கூலி கேளுங்கள். எனக்குத் தோன்றவில்லை.

நான் எப்போதும் ஒரு நோட்டு வைத்திருப்பேன். கேபிள் உறையில் மீட்டர் எண் அச்சிட்டிருக்குமே, ஒவ்வொரு பாயிண்டுக்கும் தொடங்கிய எண், முடிந்த எண் இரண்டையும் குறித்துக்கொள்வேன். கழித்துப் பார்த்தால் நீளம் வந்துவிடும். கடைசி நாள் அந்த நோட்டை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் அறை எண்ணும், கேபிள் எல்லாம் வந்து சேரும் ரேக் எங்கே இருக்கிறது என்ற படமும் இருந்தன. வாங்கியது சரியான விதிதான், நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனால் 214 பாயிண்ட், 9,600 மீட்டர் என்பதற்கு என் கையில் இருந்த கணக்கு அதோடு போயிற்று. சைட்டில் எடுத்த ஒரு போட்டோ கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. அந்த சப் கான்ட்ராக்டருக்கு இது முதல் நாளே தெரியும்.

இன்னொன்றும் செய்தார். முதலில் இறக்கிய பெட்டிகளைத் தூக்கும்போதே எடை குறைவாகத் தெரிந்தது. மேலே கேட் 6 (Cat 6) என்று கேபிள் வகை அச்சிட்டிருந்தது. கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம், நம் ஆட்கள் சிசிஏ என்பார்கள். செம்போடு பார்த்தால் சுமார் ஒன்றரை மடங்கு ரெசிஸ்டன்ஸ், மடக்கினால் சீக்கிரம் ஒடிந்துவிடும், கேபிள் வழியாகவே மின்சாரம் போகிற கேமராவுக்கு இதைப் போட்டால் சூடேறும். நெட்வொர்க் கேபிளிங்குக்கான டிஐஏ 568 தரம் முழுச் செம்பைத்தான் ஏற்கிறது. சொன்னேன். "இழு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். இவருக்கு வேலை கொடுத்த மெயின் கம்பெனியின் சைட் இன்ஜினியர், கேபிளைச் சோதிக்கிற ஃப்ளூக் டெஸ்டர் வைத்தபோது நீளமான பாயிண்ட்களில் இன்சர்ஷன் லாஸ் (போகிற வழியில் சிக்னல் குறைவது) ஃபெயில். 31 பாயிண்டை உருவிவிட்டு, செம்பு கேபிளில் மறுபடி இழுத்தோம். அந்த மறுவேலைக்குக் காசு தரவில்லை. அதைவிட வலித்தது, கணக்கு முடிக்கும்போது "31 பாயிண்ட் உங்களாலதான் ஃபெயில் ஆச்சு, பெனால்டி போக ஒண்ணும் வராது" என்று சொன்னதுதான். ஜாக்கில் பொருத்த முறுக்கிய கம்பி ஜோடியைப் பிரிக்கும்போது அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அந்த நாகலூர்ப் பையனுக்கு ஒவ்வொரு பாயிண்டாகக் காட்டிக் கொடுத்தவன் நான்.

மொத்தக் கணக்கு 1,17,400 ரூபாய். ஜிபேயில் அட்வான்ஸாக வந்தது 30,000. தையில் பில் பாஸாகும் என்றார், அப்புறம் மாசி என்றார், அப்புறம் போன் எடுப்பதில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனால், வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். வளாகத்தில் நுழைவு பாஸ் கொடுக்கிற பாஸ் செக்‌ஷனில் விசாரித்தேன். பதிவேட்டின் நகல் தர முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஆனால் எங்கள் பாஸுக்காக யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. பிறகு வேறொரு வேலைக்கு நானே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பித்தேன். கட்டியது 500 ரூபாய்.

கடைசியில் கை கொடுத்தது டெஸ்டர்தான். செம்பு கேபிளில் மறுபடி இழுத்து முடித்த பிறகு இன்ஜினியர் டெஸ்டரை என்னிடம் கொடுத்து எல்லாப் பாயிண்டையும் ஓட்டச் சொன்னார். ஆபரேட்டர் என்ற இடத்தில் என் பெயரை அடித்திருந்தேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கேபிள் எண், தேதி, நேரம், நீளம், ஆபரேட்டர் பெயர் எல்லாம் பதிவாகும். மெயின் கம்பெனி ஆபீஸுக்குப் போய் அதைச் சொன்னேன். எடுத்துப் பார்த்தார்கள். 214 பாயிண்டும் பாஸ், 214லும் என் பெயர். சப் கான்ட்ராக்டருக்குப் பணம் முழுதாக எப்போதோ போய்விட்டது என்றும் சொன்னார்கள். அவர்கள் கூப்பிட்டுக் கண்டித்த பிறகு 40,000 வந்தது.

ஆகவே தம்பிகளே, அப்படிப்பட்ட சைட்டில் டெஸ்டர் கைக்கு வந்தால் முதலில் உங்கள் பெயரை அடியுங்கள். வெளியே வந்த பிறகு எங்களுக்கு அதைத் தவிர வேறெதுவும் எங்கள் வேலையைச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை எத்தனை பாயிண்ட், எத்தனை மீட்டர் என்ற எண்ணிக்கையை மட்டும், அறை பெயரே இல்லாமல், ஒரு தாளில் எழுதி சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அறை பெயர் இல்லாத தாளை கேட்டில் பிடிக்க வாய்ப்பு குறைவு. அட்வான்ஸோ கூலியோ எதுவானாலும் வங்கி வழியாகவே வரட்டும், ரொக்கம் வேண்டாம். வொர்க் ஆர்டர் கொடுக்க மறுக்கிறவரிடம், மெயின் கம்பெனி எது, அங்கே யாரைப் பார்க்கலாம் என்றாவது கேளுங்கள். அதையும் சொல்லவில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆதார் நகல் கொடுத்தால் எந்த வேலைக்கு என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

வந்த 40,000-லிருந்து முதலில் நாகலூர் தம்பியின் மூவாயிரத்தை எடுத்து அவன் அம்மா கையில் கொடுத்தோம். மீதி 47,400க்கு, டெஸ்ட் ரிப்போர்ட்டின் பிரதியை இணைத்து மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் மலையிலிருந்து இறங்கி வந்து சாட்சி சொல்கிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.