கிளட்ச் நன்று, எர்த் ஒயர் தளர்வு: ஒரு டீலர் சர்வீஸ் சென்டர் அனுபவம்

கிளட்ச் மாற்றுவதற்காகக் காரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெடல் இலகுவாக இருக்கிறது, கியரும் தடங்கலின்றி விழுகிறது. ஆனால் வண்டி கைக்கு வந்த அன்றிரவே, ஹெட்லைட் விட்டுவிட்டு மங்குவதும், ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் விளக்குகள் அணைந்து எரிவதும் தொடங்கின.

திரும்பக் கொண்டுபோனபோது, எதையும் அளந்து பார்க்காமலேயே, "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார் சர்வீஸ் அட்வைசர். (பேட்டரி அவர்களிடமே விற்பனைக்கு இருந்தது.)

வெளியே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அளந்தபோது, இன்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது; அதாவது அதில் சார்ஜ் நன்றாகவே இருந்தது. இன்ஜின் ஓடுகையில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தால் 14.2 வோல்ட், பேட்டரி முனைகளிலோ 13 கூட இல்லை. இடையில் எங்கோ தடை இருப்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிட்டது. அடுத்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய அளவு 2 வோல்ட்டைத் தாண்டியது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்குவதற்காகக் கழற்றிய எர்த் ஒயரை (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் ஒயர்), துருவும் கிரீஸும் படிந்த இடத்திலேயே, போல்ட்டை முழுதாக முறுக்காமல் மாட்டியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் கோளாறு நின்றது. பழைய பேட்டரியே இன்றும் ஓடுகிறது.

மெக்கானிக்கல் வேலைக்கு இந்த இடத்துக்கு மீண்டும் போவேன். மின்கோளாறு என்றால், மீட்டர் அளவுகளை எழுதித் தராமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க மாட்டேன்.