வெரிகோஸ் புண்ணுக்கு எந்தக் கட்டு வாங்கலாம்: க்ரேப் பேண்டேஜ் முதல் வெல்க்ரோ உறை வரை

கணுக்காலின் உட்புறம், எலும்பு முட்டுக்குச் சற்று மேலே, மாதக்கணக்கில் நீர் வடிந்துகொண்டிருக்கும் புண். அதற்காக மருந்துக்கடையில் விற்கும் சரக்கு இரண்டே வகை: புண்ணின் மேல் போடுபவை, காலைச் சுற்றி இறுக்குபவை. நம் ஊரில் பணம் போவது முதல் வகைக்கு. புண் ஆறுவதோ பெரும்பாலும் இரண்டாவதால். ஆகவே களிம்பு, பவுடர், வெள்ளி கலந்த விலையுயர்ந்த டிரெஸ்ஸிங் எதையும் இங்கே எடை போடவில்லை. இறுக்கும் சரக்கை மட்டும் பார்ப்போம்.

நிற்கும்போது கணுக்கால் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களில், 80 முதல் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ள, அது 30-க்கும் கீழே இறங்க வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கெட்டுவிட்டால் தள்ளிய ரத்தம் திரும்பிக் கீழேயே வருகிறது, அழுத்தம் இறங்குவதில்லை. நீர் கசிந்து கால் வீங்குகிறது, தோல் கருத்துக் கெட்டியாகிறது, சின்னச் சிராய்ப்பும் புண்ணாகி நிற்கிறது. இதை எதிர்க்க வெளியிலிருந்து கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் வேண்டும், முழங்காலை நோக்கிப் போகப் போக அது குறைய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால்தான் அளந்திருக்கிறோம்: இந்த 40-ஐத் தருகிறதா, தந்ததை எத்தனை நாள் பிடித்து வைக்கிறது?

எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு பரிசோதனை. தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்த காலை இறுக்கினால் விரல் அழுகும், காலே போகலாம். நோயாளியைப் பத்து நிமிடம் மல்லாக்கப் படுக்க வைத்து, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளர் கருவியால் இரு கைகளிலும், கணுக்காலில் இரண்டு தமனிகளிலும் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எடுப்பார்கள். கணுக்காலில் கிடைத்த அதிக எண்ணைக் கையில் கிடைத்த அதிக எண்ணால் வகுக்க வேண்டும். கணுக்கால் 90, கை 130 என்றால் விகிதம் 0.69. விகிதம் 0.8-க்கு மேல் இருந்தால் முழு அழுத்தம் தரலாம். 0.5-க்கும் 0.8-க்கும் நடுவில் என்றால் குறைந்த அழுத்தம், அதுவும் ரத்தக்குழாய் மருத்துவரின் பார்வையில். 0.5-க்குக் கீழே இறுக்கவே கூடாது. சர்க்கரை நோயாளிகளிடம் 1.3-க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கிறது, எண் பொய் சொல்கிறது என்று பொருள். கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சும் வாங்குகிறதா? முதலில் இதயத்துக்கு எக்கோ எடுங்கள். இதயம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரு கால்களையும் இறுக்கினால், அங்கே தேங்கிய நீரெல்லாம் மார்புக்குத் திரும்பி நிலைமையை மோசமாக்கும்.

இனி சரக்குக்கு வருவோம். எல்லாக் கடையிலும் கிடைப்பது க்ரேப் பேண்டேஜ். விலை மலிவு, துவைக்கலாம், கட்டுவது எளிது. வெரிகோஸ் புண்ணுக்குத் தனியாக இதைக் கட்டுவதில் பயன் மிகக் குறைவு. கட்டிய கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்துவிடும். நடந்தால் கணுக்காலில் சுருண்டு கயிறு போல ஓரிடத்தில் மட்டும் இறுக்கும். அகலத்திலும் ஒரு கோளாறு உண்டு. கட்டு தரும் அழுத்தம் இழுவிசைக்கும் அடுக்கின் எண்ணிக்கைக்கும் நேர்விகிதம், காலின் சுற்றளவுக்கும் துணியின் அகலத்துக்கும் எதிர்விகிதம். 10 செ.மீ. அகலத் துணி 40 மி.மீ. தரும் இழுப்பில், 15 செ.மீ. அகலத் துணி 27 தான் தரும். கால் பெரியது என்று அகலமான சுருளாகப் பார்த்து வாங்குகிறவர்கள் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார்கள்.

இந்தக் கணக்கு மற்ற எல்லாக் கட்டுகளுக்கும் பொருந்துவதால் இன்னும் சற்று நீட்டலாம். ஒரே இழுப்பில் கட்டினால் 20 செ.மீ. கணுக்காலில் 40 கிடைக்கும்போது 35 செ.மீ. கெண்டைக்காலில் 23 தான் கிடைக்கும். மேலே போகப் போகக் குறைய வேண்டும் என்பது இப்படித் தானாகவே நடந்துவிடுகிறது. ஆகவே மேலே கொஞ்சம் தளர்த்துகிறேன் என்று கையால் வித்தை காட்டத் தேவையில்லை. ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏற வேண்டும், அப்போது எங்கும் இரண்டு அடுக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஏற்றிவிட்டால் மூன்று அடுக்காகி 40 என்பது 60 ஆகிவிடும். கணுக்கால் மெலிந்தால் அழுத்தம் கூடும்; முன்னெலும்பின் கூர்மையிலும் குதிகால் தசைநாணின் மேலும் வளைவின் ஆரம் சிறியது என்பதால் அங்கே அழுத்தம் அதிகம். பஞ்சு வைக்காமல் கட்டிய காலில் புதுப் புண் வருவது அந்த இடங்களில்தான். கட்டும் முன் கொலுசைக் கழற்றியாக வேண்டும் என்பதும் இதனால்தான்.

அடுத்தது ஷார்ட் ஸ்ட்ரெச் பேண்டேஜ். பார்க்க க்ரேப் மாதிரியே இருக்கும், பருத்திதான், ஆனால் அதிகம் நீளாது. கால் ஓய்வில் இருக்கும்போது லேசாகவும், நடக்கும்போது தசை விரிந்து முட்டும் சுவராகவும் இருக்கும். இரவில் வலிக்காது, வெயில் காலத்தில் ரப்பர் கலந்த கட்டுகளைவிடப் புழுக்கம் குறைவு, பலமுறை துவைக்கலாம். கோம்ப்ரிலான் இந்த வகைக்குத் தெரிந்த பெயர். குறை என்னவென்றால், வீக்கம் வடிந்ததும் கட்டு கழன்று சரியும். முதல் ஒன்றிரண்டு வாரம் தினமும் அவிழ்த்துக் கட்ட ஆள் வேண்டும். நடக்காமல் கட்டிலிலேயே கிடப்பவருக்கு இது கொடுப்பது கொஞ்சமே.

லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980-களில் உருவானது நாலடுக்குக் கட்டு. பஞ்சு, அதன் மேல் க்ரேப், அதன் மேல் பாதி நீட்டிக் குறுக்குமறுக்காக எட்டு வடிவில் ஓர் எலாஸ்டிக், கடைசியாகத் தன்மேல் தானே ஒட்டும் சுருள். ஒரு வாரம் அப்படியே பிடிக்கும். பிரிட்டனில் 387 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான வீனஸ் ஆய்வில், நாலடுக்கு கட்டியவர்களில் பாதிப் பேருக்கு 92 நாளில் புண் ஆறியது. ஷார்ட் ஸ்ட்ரெச் கட்டியவர்களுக்கு அதே நிலை வர 126 நாள் ஆனது. ப்ரொஃபோர் என்ற பெயரில் முழுப் பெட்டியாக வருகிறது. நீர் அதிகம் வடியும் பெரிய புண்ணுக்கு இதைவிட நம்பகமானது குறைவு. ஆனால் கால் தடித்து, எந்தச் செருப்பிலும் நுழையாது. சித்திரை வெயிலில் நோயாளி மூன்றாம் நாளே கத்தரிக்கோலைத் தேடினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் கனத்தைக் குறைக்க வந்தது இரண்டடுக்கு. கோபன் 2 பெட்டியில் இரண்டே சுருள்கள்: முதலாவது நுரை வைத்தது, நுரைப் பக்கம் தோலைத் தொட, அதிகம் மேலேறாமல் சுற்ற வேண்டும். இரண்டாவதை முழு நீளத்துக்கு இழுத்து, பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒட்டி ஒரே உறை போலாகிவிடும், அதனால் சரிவது குறைவு. வழக்கமான செருப்பு பலருக்கு நுழையும். ஏழு நாள் வரை விடலாம். அழுத்தம் குறைந்த லைட் வகையும் உண்டு, விகிதம் 0.5-க்கும் 0.8-க்கும் நடுவில் இருப்பவர்களுக்காக. பயிற்சி பெற்ற நர்ஸ் கையில் கிடைத்தால் எங்கள் முதல் தேர்வு இதுதான். வீட்டு ஆள் வீடியோ பார்த்துக் கட்டுவதற்கு ஏற்றதல்ல. முழு இழுப்பு என்பதைப் பயந்து பாதியாக்குவார்கள், அழுத்தமும் பாதியாகும். ஒவ்வொரு முறையும் வெட்டி எறிய வேண்டும் என்பதால் செலவும் வாரம் தவறாமல் ஏறும்.

எந்தச் சுருளாக இருந்தாலும் முறை ஒன்றே. காலையில் வீக்கம் குறைந்திருக்கும்போது கட்டுங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் நிற்க வேண்டும். விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலை மூடி, முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே முடிக்க வேண்டும். புண் இருக்கும் இடத்தை மட்டும் சுற்றிவிட்டுக் குதிகாலைத் திறந்து வைப்பதும், கெண்டைக்காலின் நடுவில் நிறுத்துவதும் அடிக்கடி காணும் தப்பு. விட்ட இடமெல்லாம் பூரி போல் உப்பும். விரல்கள் நீலமாகவோ மரத்தோ போனால், காலை உயர்த்தியும் வலி கூடினால், மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே வெட்டி எடுங்கள். புண்ணைக் கழுவக் குடிக்கும் தரத்துத் தண்ணீரோ சலைனோ போதும். நியோமைசின், ஃப்ராமைசெட்டின் களிம்புகளை இந்தப் புண்ணில் தொடர்ந்து போட்டால் சுற்றுத் தோலுக்கு ஒவ்வாமை பிடித்து, அரிப்பும் சொறியும் சேர்ந்துகொள்ளும்.

உன்னா பூட் என்பது துத்தநாக ஆக்சைடு பசை தடவிய துணிச் சுருள். ஹாம்பர்க் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்தது. ஈரமாகச் சுற்றினால் காய்ந்து விறைக்கும், ஒரு வாரம் இருக்கும். சுற்றுத் தோலில் எக்ஸிமா உள்ளவருக்கு இதம். நீர் அதிகம் வடிந்தால் நாற்றம் தாங்காது, வீக்கம் வடிந்தால் உள்ளே கால் லொடலொடக்கும். நடக்கிறவருக்கு மட்டும் வாங்கலாம்.

வெல்க்ரோ உறைகளைத்தான் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு மனமாரச் சொல்வோம். விறைப்பான பட்டைகள், தானே இறுக்கிக்கொள்ளலாம், குளிக்கக் கழற்றலாம், நாள் முழுக்க வீக்கம் குறையக் குறைய மீண்டும் இறுக்கலாம். சர்க்கெய்ட் வகையில் பட்டை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்து அழுத்தத்தைக் காட்டும் அளவு அட்டையும் வருகிறது. முதல் செலவு அதிகம், மாதங்கள் ஓடினால் வாராவாரம் எறியும் பெட்டியைவிடக் கட்டுப்படியாகும். புண்ணின் நீர் உறையில் பட்டால் துவைத்துக் காயும் வரை மாற்று இருக்காது என்பதால் உள்ளே தடித்த பஞ்சு டிரெஸ்ஸிங் அவசியம்.

ஸ்டாக்கிங்ஸ் வாங்கும்போது பெட்டியில் ‘கிளாஸ் 2’ என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பிரிட்டிஷ் அளவில் கிளாஸ் 2 என்றால் 18 முதல் 24 மி.மீ., ஜெர்மன் அளவில் 23 முதல் 32. எண்ணைப் படியுங்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு மாட்டும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் சுமார் 18 தான் தரும், புண்ணுக்கு உதவாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டு 40 எட்டும் பெட்டி உண்டு. 2014-இல் வெளியான வீனஸ் நான்காம் ஆய்வில் பாதிப் பேருக்குப் புண் ஆற அதற்கு 99 நாள், நாலடுக்குக்கு 98 நாள்; ஏறக்குறைய சமம். மறுபடி புண் வந்தது ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களுக்குக் குறைவு, ஆனால் பாதியில் வேறு சிகிச்சைக்கு மாறியவர்கள் அவர்களில்தான் அதிகம். மாட்டுவது அவ்வளவு பாடு. பாதத்தில் வழுக்கும் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் ஏற்றிவிட்டு, திறந்த விரல் வழியே பையை உருவினால் வேலை பாதியாகும். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டால் பிடியும் கிடைக்கும். மெட்டி போட்டவர்கள் அதை எடுத்துவிட்டு மாட்டுங்கள், நூல் சிக்கினால் ஓடிவிடும்.

புண் மூடிய பிறகும் ஸ்டாக்கிங்ஸை விடக்கூடாது. நிழலில் காயப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். ஜவுளிக்கடையிலும் ஹோட்டலிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த சட்டத்திருத்தம் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள். கெட்ட சிரையை லேசராலோ வேறு முறையிலோ மூடுவதைத் தள்ளிப் போட வேண்டாம். 2018-இல் வெளியான எவ்ரா ஆய்வில், கட்டுடன் சேர்த்து ஆரம்பத்திலேயே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் ஆறியது, தள்ளிப் போட்டவர்களுக்கு 82 நாள். மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியும் புண் சுருங்கவில்லை, விளிம்பு தடித்துச் சுருண்டிருக்கிறது என்றால் அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டாமல் பயாப்ஸி (சிறு சதைத் துண்டை வெட்டிப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். வெகுநாள் புண்ணில் புற்றுநோய் வருவது உண்டு, அதை எந்தக் கட்டும் ஆற்றாது.