மஞ்சள் மூடி, சிவப்பு நிப்பிள்: பல ஈத்து ஓட்டியபின் ஆட்டுக்குட்டிப் பால் பாட்டில் பற்றி

தலைச்சேரி ஆடு வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "குட்டிக்குப் பால் கொடுக்கிற அந்த நிப்பிள் விலை இறங்கியிருக்கே, வாங்கிப் போடலாமா?" வாங்குங்கள் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மூடிக்குள் கிடக்கும் அந்தக் குண்டு முடிக்க விடவில்லை.

சாமான் தெரிந்ததுதான். சோடா பாட்டில் வாயில் திருகும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் விரல் நுனி அளவுக்குச் சிவப்பு ரப்பர். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குட்டியின் வாய்க்கு இதைவிடப் பொருந்தும் நிப்பிளைப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு விற்கும் நிப்பிளைக் குட்டி மென்று துப்பும். கன்றுக்குட்டி நிப்பிள் வாய்க்குள்ளேயே போகாது. இதையோ இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொள்கிறது. தலைச்சேரியில் மூன்று குட்டி சாதாரணம், காம்பு இரண்டுதான். மூன்றாவதாகப் பிறந்து ஒதுங்கி நிற்கும் நோஞ்சான் பிழைப்பது பல சமயம் இந்த ரப்பரால்தான். மடிநோய் வந்த ஆடு, குட்டியை முட்டித் தள்ளும் தலையீத்து ஆடு எதுவானாலும் கை போவது இதற்குத்தான்.

இனி குண்டு. பால் வெளியே போகப் போக உள்ளே காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை, அதற்குள் எவர்சில்வர் குண்டு. குட்டி உறிஞ்சும்போது குண்டு நகர்ந்து காற்றை விடும், நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். யோசனை அருமை. ஆனால் சீம்பால் கொழகொழவென்று கொழுப்பும் புரதமும் நிறைந்தது. அது அந்தத் துளையில் காய்ந்தால் குண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். பாட்டில் உள்வாங்கிச் சப்பையாகும், நிப்பிள் தட்டையாகும், குட்டி இழு இழுவென்று இழுத்துக் களைத்து விட்டுவிடும். பார்ப்பவர், குட்டிக்குப் பசியில்லை என்று நினைத்துப் போய்விடுவார். நஷ்டம் அங்கேதான்.

கண்டுபிடிப்பது எளிது. பால் இறங்கும்போது குட்டியின் வால் விடாமல் ஆடும், பாட்டிலுக்குள் குமிழ் குமிழாகக் காற்று ஏறும். வாய் அசைந்துகொண்டே இருக்க, வாலும் குமிழும் நின்றுபோனால் குண்டு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அவசரத்துக்கு மூடியைக் கால் திருகு தளர்த்தலாம். காற்று போகும், பாதிப் பால் உங்கள் முழங்கையில் வழியும்.

கழுவும் முறையில்தான் தீர்வு. பால் கொடுத்த கையோடு மூடியைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் புரதம் இறுகிப் படிந்துவிடும். அலசிய பிறகு சோப்பும் வெந்நீரும், கடைசியில் கவிழ்த்துக் காயவைப்பது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வினிகர் கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, ஈர்க்குச்சி நுனியால் குண்டை மெல்லத் தட்டினால் விடும். ஊசியால் குத்தாதீர்கள், துளையின் விளிம்பில் கீறல் விழுந்தால் குண்டு சரியாக உட்காராது, பிறகு ஆயுசுக்கும் சொட்டும். ஒவ்வொரு முறையும் பால் ஊற்றுமுன் மூடியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்க வேண்டும்.

இவ்வளவு சிறிய சாமானுக்கு இவ்வளவு ஊழியமா என்றால், ஆமாம். அந்தக் குண்டைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி செய்ய என்ன கேடு என்று தயாரிப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

நிப்பிள் நுனி அடைத்தே வரும், நாம்தான் வெட்டணும். இதில் கெடுப்பவர்கள் அதிகம். துளை பெரிதானால் பால் பீறிட்டு வந்து புரையேறும். நுரையீரலுக்குள் பால் போன குட்டி இரண்டு மூன்று நாளில் சளிக்காய்ச்சல் கண்டு தலையைத் தொங்கப்போடும். சிறிதானால் சப்பியே சோர்ந்துவிடும். நுனியை மட்டும் மயிரளவு நறுக்கிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். லேசாக அழுத்தினால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கோடாக ஒழுகக் கூடாது. சீம்பால் கெட்டி என்பதால் துளை போதவில்லை என்று தோன்றும். துளையைப் பெரிதாக்காமல் பாலைச் சூடாக்குங்கள், 39 டிகிரியில் தானாக இளகும். தண்ணீர் கலக்கவே கூடாது.

அந்தச் சூடும் அளவோடுதான். நேரடியாக அடுப்பில் வைத்தால் சீம்பால் திரிந்துவிடும், வீட்டில் கிண்டித் தின்னத்தான் ஆகும். (குட்டிக்குக் கொடுத்து மீந்ததைத்தான் கிண்ட வேண்டும், அதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.) 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். ஃப்ரீசரில் எடுத்துவைத்த சீம்பாலை உருக்கவும் இதே வழி, மைக்ரோவேவ் வேண்டாம்.

அளவு: இரண்டு கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லி, அன்றைக்கு முழுவதும் நான்கைந்து தடவையாக 300 முதல் 400 மில்லி வரை. தாய் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதைக் குடல் உள்வாங்கும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடும். முதல் பால் கறக்குமுன் ஆட்டின் காம்பை ஒருமுறை பீய்ச்சி, நுனியிலிருக்கும் மெழுகு அடைப்பை எடுத்துவிடுங்கள்.

குட்டியை மடியில் மல்லாத்திப் பிள்ளைக்குக் கொடுப்பது போலக் கொடுக்காதீர்கள். நிற்கவைத்து, தாய் மடி இருக்கும் உயரத்தில் பாட்டிலைப் பிடித்தால் கழுத்து லேசாக நிமிரும். அப்படிச் சப்பும்போதுதான் பால் பெருவயிற்றுக்குள் விழாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். பெருவயிற்றில் விழுந்த பால் புளித்து வயிறு உப்பும்.

வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்து சப்பவும் இல்லையென்றால் பாட்டிலைக் கீழே வையுங்கள். குட்டியின் இயல்பான சூடு 38.5 முதல் 39.5 டிகிரி வரை. 37-க்குக் கீழே போன குட்டிக்குப் பால் எமன். முதலில் துடைத்துச் சூடேற்ற வேண்டும், அப்புறமும் சப்பவில்லையென்றால் கால்நடை மருத்துவர் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டிய கேஸ்.

பாட்டிலிலும் ஒரு வில்லங்கம். பழைய சோடா பாட்டிலின் கழுத்தில் உடைந்த மூடியின் வளையம் மிச்சமிருக்கும், அதைப் பிளேடால் வெட்டி எடுக்காவிட்டால் மஞ்சள் மூடி முழுதாக இறங்காது, ஓரத்தில் கசியும். இப்போது வரும் கழுத்துக் குட்டையான பாட்டில்களிலும் இதே தொல்லை. கழுத்து நெட்டையாக ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாமல் வையுங்கள். ரப்பரை வெயிலில் காயவைக்காதீர்கள், தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். இரண்டும் அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இரண்டுமே ரப்பருக்கு, மூடிக்குச் சுழியம். நண்பருக்குச் சொன்னது: நான்கு வாங்குங்கள். சீம்பாலுக்கு ஒன்று, வளர்ந்த குட்டிக்குத் துளை சற்றுப் பெரிதாக ஒன்று, மற்ற இரண்டும் குண்டு ஒட்டும் ராத்திரிகளுக்கு.