எம்.பி.க்குக் கடிதம்: சங்கத்தின் மாதிரியா, நம் சொந்த எழுத்தா?

மருந்தாளுநர்கள் சட்டம் இயற்றுபவர்களிடம் கேட்பது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. நோயாளியைக் கவனிப்பதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, அதைச் சட்டத்திலும் எழுதுங்கள்." எழுதிக் கேட்பது என்று முடிவு செய்தவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சங்கம் அனுப்பும் மாதிரிக் கடிதத்தில் பெயரைப் போட்டு அனுப்பலாம். சங்கம் தரவுகளோடு தயாரிக்கும் மனுவில் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் நாமே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதலாம்.

மாதிரிக் கடிதம் இரண்டு நிமிட வேலை. மசோதா எண் சரியாக இருக்கும், பிழை இருக்காது. ஆனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடிதத்தை முதலில் பிரிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல, அவருடைய உதவியாளர். ஒரே முதல் வரியோடு மூன்றாவது கடிதம் வந்ததுமே அவர் படிப்பதை நிறுத்திவிட்டு எத்தனை வந்தன என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகங்களில் காங்கிரஷனல் மேனேஜ்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்திய ஆய்வுகளும் இதைத்தான் காட்டின: உறுப்பினர் இன்னும் முடிவெடுக்காத விஷயத்தில், ஒரே அச்சில் வரும் கடிதங்களைவிடத் தனியாக எழுதிய கடிதத்துக்கே செல்வாக்கு அதிகம். அதற்காக மாதிரிக் கடிதம் வீண் என்று சொல்லமாட்டேன். நாளை மறுநாள் வாக்கெடுப்பு என்றால் எண்ணிக்கைதான் பேசும். அன்றைக்கு இலக்கிய நயத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

சங்கத்தின் மனு வேறு வகை. அதன் பலம் ஆதாரம். 1996இல் அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில், நீரிழிவு உள்ள நகராட்சி ஊழியர்கள் மருந்தாளுநர்களோடு அவ்வப்போது உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தார்கள். மருந்துச் செலவு கூடியது, ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2007இல் மருந்தாளுநர்களுக்கு மருந்து எழுதும் அதிகாரம் கொடுத்தது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, காதுவலி, அக்கி போன்ற ஏழு பிரச்சினைகளுக்கு, டாக்டரைப் பார்க்காமலே மருந்துக் கடையில் சிகிச்சை பெறும் திட்டம் நடக்கிறது. மருந்துப் பிழைகளால் உலகத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4,200 கோடி டாலர் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. சுகாதாரக் குழுவுக்கோ அமைச்சகத்துக்கோ எழுதும்போது இதெல்லாம் வேண்டும். தொகுதி உறுப்பினருக்கு மட்டும் இதை அனுப்பினால், "சரி, என் தொகுதியில் இதனால் யாருக்கு என்ன?" என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் நம் கவுண்டரில்தான் இருக்கிறது. இரண்டு தொடக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"மருந்தாளுநர்கள் சுகாதாரக் கட்டமைப்பின் இன்றியமையாத அங்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்."

"மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய ஒரு சீட்டு வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை. சீட்டில் தினமும் என்று இருந்தது. டாக்டரை போனில் பிடித்துச் சொன்னேன், உடனே திருத்தினார். பதினைந்து நிமிடம் ஆனது."

முதலாவது எந்தத் துறையின் கடிதத்துக்கும் பொருந்தும். மருந்தாளுநர் என்பதை எடுத்துவிட்டு நூலகர் என்று போட்டாலும் நிற்கும். இரண்டாவதை நம்மைத் தவிர யாரும் எழுத முடியாது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி விளக்கம் போதும்: அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அதற்கடுத்து நேராகக் கோரிக்கைக்குப் போய்விடலாம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் கோரிக்கையின் சாரம். அமெரிக்காவையே எடுத்துக்கொண்டால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தின் 'பி' பிரிவு யாருடைய சேவைக்குப் பணம் தரும் என்ற பட்டியலில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சி பெற்று, தானே சிகிச்சை தரும் நர்ஸ்) இருக்கிறார், மருந்தாளுநர் இல்லை.

சொந்தக் கடிதத்திலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பெரியது நோயாளியின் அந்தரங்கம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சின்ன ஊரில் வயது, நோய், வந்த நாள் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மூன்றில் இரண்டையாவது விட்டுவிடுங்கள். அடுத்தது, டாக்டர்களோடு மல்லுக்கு நிற்கும் தொனி. மருந்தாளுநரின் அதிகாரத்தைக் கூட்டும் மசோதாவை மருத்துவர் சங்கங்கள் எதிர்ப்பது புதிதல்ல, உறுப்பினர் மேசையில் அவர்கள் கடிதமும் கிடக்கும். மேலே உள்ள தொடக்கத்தில் "உடனே திருத்தினார்" என்று இருப்பது சும்மா வந்ததில்லை. அப்புறம், இந்த மசோதாவால் நமக்கும் வருமானம் உண்டு என்றால் அதை ஒளிக்க வேண்டாம். படிக்கிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். நாமே சொன்னால் மரியாதை. வேலை செய்யும் இடத்தின் லெட்டர்ஹெட்டை அனுமதியில்லாமல் தொடவே கூடாது.

கோரிக்கை ஒன்றுதான் இருக்க வேண்டும். "ஆதரவு தாருங்கள்" என்பது கோரிக்கையே அல்ல, வாழ்த்துச் செய்தி. "இந்த எண்ணுள்ள மசோதாவை இணைந்து முன்மொழியுங்கள்", "குழுவில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்" என்றால் அவர் செய்தாரா இல்லையா என்று பிறகு பார்க்கலாம். தொகுதிக்குள் இருக்கும் வீட்டு முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். வெளித்தொகுதிக் கடிதத்தை ஓரமாக வைக்கும் அலுவலகங்கள் உண்டு.

தபாலா மின்னஞ்சலா என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2001இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் வைத்த கடிதங்கள் வந்தபிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போகும் தபாலெல்லாம் சோதனை முடிந்துதான் உள்ளே போகிறது, அதனால் தாமதமாகும், அங்கே மின்னஞ்சல். அந்தத் தொல்லை இல்லாத இடத்தில் கையெழுத்திட்ட காகிதமே மேல். கடைசி நாள் என்றால் போன்.

ஆக, என் தேர்வு சொந்தக் கடிதம்தான். ஆஷ்வில் போன்ற ஆதாரம் ஒன்றை அதில் ஒரு வரியாகச் செருகலாம், மாதிரிக் கடிதத்தை வாக்கெடுப்பு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பத்தியில் "ஒரு நாள் காலை அரைமணி நேரம் எங்கள் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்று பாருங்கள்" என்று ஒரு அழைப்பையும் சேருங்கள். பெரும்பாலும் அச்சடித்த பதில்தான் வரும். அதன் அடியில் உதவியாளர் யாருடைய பெயராவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதம் அந்தப் பெயருக்குப் போகட்டும்.