அத்லான் 3000ஜி-க்கு ஏ320 போதுமா, பி450 வேண்டுமா?

அத்லான் 3000ஜி ஏஎம்டியின் மலிவான பிராசசர்: இரண்டு கோர், நான்கு திரெட், 35 வாட். ஏஎம்டி பிராசசர்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் குறைந்த செலவில் கேமிங் கணினி கட்டுபவர்கள் இதில் தொடங்குவதுண்டு. பிராசசர் முடிவானதும் அடுத்த கேள்வி மதர்போர்டு. ஏ320, பி450 இரண்டும் போர்டின் சிப்செட் பெயர்கள்; நான் வாங்கியது பி450. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏ320 மட்டமான போர்டு இல்லை. ஆனால் இரண்டு கோர் பிராசசர் அதில் ரொம்ப நாள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

முதலில், வித்தியாசமே இல்லாத இடங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு இந்த அத்லான் தருவது நான்கு பிசிஐஇ லேன் (தரவு போகும் பாதை) மட்டும்தான். எந்தப் போர்டில் போட்டாலும் அவ்வளவே. தனி பவர் கனெக்டர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ரகக் கார்டு இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும். ராம் வேகம் அதிகாரபூர்வமாக டிடிஆர்4-2666 வரை. கார்டு இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகா 3 கிராபிக்ஸை நம்பி விளையாடுவதானால் 8 ஜிபி ஒற்றைக் குச்சி வேண்டாம், 4 ஜிபி இரண்டாகப் போடுங்கள்; இரண்டு குச்சியும் சேர்ந்து இயங்கும் டூயல் சேனல் இல்லாவிட்டால் வேகா மூச்சு வாங்கும். இங்கே ஏ320-க்கு ஒரு சின்னச் சறுக்கல் உண்டு. பெரும்பாலான ஏ320 போர்டுகளில் ராம் ஸ்லாட் இரண்டுதான், பின்னால் கூட்ட வேண்டுமானால் பழைய குச்சிகளைக் கழற்றியாக வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பி450-இல் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் முதலில் நிரப்ப வேண்டியவை.

ஓவர்கிளாக், அதாவது பிராசசரின் வேகத்தை நாமே கூட்டுவது, பி450-இல் மட்டுமே. 3.5 கிகாஹெர்ட்ஸை 3.8, 3.9 வரை ஏற்றலாம். அதற்காக மட்டும் கூடுதல் பணம் போடாதீர்கள். கோர் பற்றாமல் திக்கும் கேம், வேகம் கூட்டினாலும் திக்கத்தான் செய்யும்.

தீர்மானிக்கும் விஷயம் அடுத்த பிராசசர். ஆறு கோர் ரைசன் 5 5600-ஐ இதே போர்டில் மாட்ட முடிந்தால், இன்று வாங்கும் ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எதுவும் வீணாகாது. 5600 அடங்கிய ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பி450-க்கு 2021-லேயே வரத் தொடங்கிவிட்டது. ஏ320-க்கு ஏஎம்டி கதவைத் திறந்தது 2022-இல்தான். அதன் பிறகும் எந்த மாடலுக்குப் பயாஸ் கிடைக்கும் என்பது போர்டு நிறுவனத்தின் கையில். உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் 5600 இருக்கிறதா என்று பார்க்காமல் ஏ320 வாங்காதீர்கள்.

இரண்டாவது, பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம். பிராசசர் சாக்கெட்டின் இடப்பக்கம் வரிசையாக நிற்கும் சதுரக் காயில்களுக்குப் பக்கத்தில் உள்ள சிப்களைப் பாருங்கள். பல ஏ320 போர்டுகளில் அவை மொட்டையாக இருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கிடையாது. 35 வாட் அத்லானுக்கு அது போதும். 65 வாட் 5600 காற்றோட்டமுள்ள கேபினெட்டில் சமாளிக்கும். 105 வாட் 5800எக்ஸை அதில் போட்டால் சிப்கள் கொதித்து, பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பி450 என்று பெயர் இருந்தாலே ஹீட்சிங்க் இருக்கும் என்றும் இல்லை. மலிவான மாடல்களில் அதுவும் மொட்டைதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள்.

பிராசசரை மாற்றும்போது வரிசை முக்கியம். அத்லான் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, ஃபைலை அதில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். சில போர்டுகள் இடையில் ஒரு பழைய பதிப்பைக் கட்டாயம் கேட்கும். அந்தக் குறிப்பு டவுன்லோட் பக்கத்திலேயே இருக்கும். 16 எம்பி பயாஸ் சிப்பில் எல்லாப் பிராசசருக்கும் இடம் போதாது என்பதால் புதிய பதிப்பில் பழையவற்றைத் தூக்கிவிடுவதும் உண்டு. அத்லான் அப்படித் தூக்கப்பட்டிருந்தால் அப்டேட் முடிந்ததும் திரை கறுப்பாக நிற்கும். பதறாமல் புதிய பிராசசரை மாட்டுங்கள். பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் சில பி450 போர்டுகளில் உண்டு. என் கணக்கில் பி450-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி அந்தப் பட்டனுக்கே தகும்.

கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்கக் கூடாது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசசரும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைவது அப்போதுதான். பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, பவரை அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்குங்கள். புதியதை மாட்டி முதல்முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள ஓரிரு நிமிடம் திரை வராமல் இருக்கலாம். அதற்குள் பவரைப் பிடுங்க வேண்டாம்.

ஏ320 யாருக்கு? பிராசசரை மாற்றவே போவதில்லை, வாலரண்ட் மாதிரி இலகுவான கேம் மட்டும் போதும் என்பவர்களுக்கு. மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது ராம் குச்சியை வாங்கிவிடுங்கள்.