பின்சக்கரத்துக்கு ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

சென்ற ஆண்டு என் 26 இன்ச் ட்ரையல்ஸ் சைக்கிளின் பிரேம், பெடலுக்குச் சற்றுப் பின்னால் விரிசல் விட்டது. ரிம் பிரேக் சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மை இரண்டு பேட்களால் (உராய்வுக் கட்டைகளால்) பிடிக்கும்; டிஸ்க் பிரேக் அச்சருகே உள்ள ரோட்டர் என்ற தகட்டை, காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பேட்களால் பிடிக்கும். புதிதாக வாங்கிய பிரேமில் இரண்டுக்கும் வசதி இருந்தது: ரிம் பிரேக்கை இறுக்க நான்கு போல்ட் துளைகள், டிஸ்க் பிரேக்கின் காலிப்பரைப் பொருத்த தனி இடம். பல வருடம் ரிம் பிரேக்கில் ஓட்டியவன், இந்த முறை டிஸ்க் மாட்டிப் பார்த்தேன். எட்டு மாதம் ஓடியது. இப்போது மறுபடி ரிம் பிரேக்குக்கே வந்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ட்ரையல்ஸ் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்பெயினின் கத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்த விளையாட்டு இது. சீட் இல்லாத சைக்கிளில், காலைத் தரையில் ஊன்றாமல், பாறை மேலும் மரக்கட்டை மேலும் தாவித் தாவி ஏற வேண்டும். 2009-இல் ஸ்காட்லாந்து வீரர் டேனி மகாஸ்கில் எடின்பரோ தெருக்களில் ஓட்டிய வீடியோவைப் பார்த்து இதற்குள் வந்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்த பிறகு, சுற்றிலும் இருக்கும் சொரசொரப்பான மணற்பாறைகளைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே பிரேக் என்பது வேகத்தைக் குறைக்க அல்ல, நிற்க. முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கும்போது, பின் பிரேக் பூட்டுப் போட்டதுபோல் பிடித்திருக்க வேண்டும். தாவும் நொடியில் பிரேக் லீவரை விட்டு, பெடலை ஒரு மிதி மிதித்து, இறங்கிய கணத்தில் மறுபடி பிடிக்க வேண்டும். அப்போது அது அரை அங்குலம் வழுக்கினாலும் சைக்கிள் முன்னால் போகும், ஆள் மல்லாக்க விழுவார்.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. கேள்வி பின்சக்கரம் மட்டும்தான்.

முதலில் பலம். 26 இன்ச் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மி.மீ. டிஸ்க்கில் நான் போட்டது 160 மி.மீ. ரோட்டர். ஏறக்குறைய மூன்றரை மடங்கு வித்தியாசம். சக்கரத்தை ஓரத்தில் பிடித்து நிறுத்துவதற்கும் அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. டிஸ்க் அந்தக் குறையைத் தன் அழுத்தத்தால் ஈடுகட்டிவிடுகிறது, நிற்காமல் போவதில்லை. ஆனால் அந்தப் பிடி சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து ஸ்போக் கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போய்ச் சேர வேண்டும். முழு எடையும் பின்சக்கரத்தில் இறங்கும்போது கம்பிகள் கொஞ்சம் முறுக்கிக்கொண்ட பிறகே சக்கரம் உறுதியாக நிற்கும். மிகச் சிறிய அசைவுதான். சாதாரணச் சைக்கிள் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு செங்கல் அகலமுள்ள விளிம்பில் நிற்பவருக்குத் தெரியும். கம்பிகளை நன்றாக இறுக்கிக் கட்டினால் குறையும், முழுக்கப் போகாது.

மழையில் டிஸ்க்தான். இதில் வாதாடிப் பயனில்லை. ஈரமான ரிம்மில் பேட் பிடிப்பதற்கு முன் ஒரு தயக்கம் இருக்கும், சேறு ஒட்டினால் இன்னும் மோசம். ஓடைப் பாறைகளில் ஓட்டுபவர்களும் போட்டிக்குப் போகிற பலரும் இன்று பின்னாலும் டிஸ்க் மாட்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படியிருந்தும் நான் திரும்பி வந்ததற்குக் காரணம் பராமரிப்பு. எந்த பிரேக்குக்கு வேலை குறைவு என்று கேட்டால் டிஸ்க் என்றுதான் சொல்வேன். எந்த பிரேக் கெட்டுப்போனால் எனக்குத் தெரியும், என் கையாலேயே சரிசெய்ய முடியும் என்று கேட்டால் பதில் மாறிவிடும்.

டிஸ்க்குக்குப் புது பேட் போட்டால் அதை ரோட்டரோடு பழக்க வேண்டும். மற்ற சைக்கிளில் வேகமாகப் போய் இருபது முப்பது முறை பிரேக் பிடித்தால் முடிந்தது. ட்ரையல்ஸ் சைக்கிளின் கியர் அவ்வளவு வேகம் போகவிடாது. அதனால் நீளமான இறக்கம் தேடிப் போய், பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்க வேண்டும், ரோட்டரில் தண்ணீர் தெளித்து மறுபடி இறங்க வேண்டும். சரி, அது ஒரு நாள் வேலை. உண்மையான தொல்லை எண்ணெய். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது காற்றில் பறந்த ஒரு துளி போதும், பேட் செத்துவிடும். எட்டு மாதத்தில் எனக்கு மூன்று முறை நடந்தது. ஒரு முறை காரணமே பிடிபடவில்லை. பார்க்க எல்லாம் சுத்தமாக இருந்தது. பேட்டை உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் காட்டினேன், இரண்டு நாள் பிடித்தது, மூன்றாம் நாள் இடுப்புயரப் பாறையின் மேல் நிற்கும்போது விட்டுவிட்டது. அன்று விழுந்த அடியில் முழங்கை வீங்கி மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை.

ரிம் பிரேக்குக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் மாட்டுவது மகுரா நிறுவனத்தின் எச்எஸ்33, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ரிம் பிரேக். கடையிலிருந்து வந்தபடியே வழவழப்பான ரிம்மில் மாட்டினால் போதாது. ஆங்கிள் கிரைண்டரால் ரிம்மின் பக்கவாட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும். நாங்கள் இதை கிரைண்ட் என்போம். எங்கள் ஊரில் அம்மி கொத்துவார்களே, அதே வேலைதான். வழவழவென்று தேய்ந்த அம்மியில் மிளகாய் அரைபடாமல் வழுக்கும், உளி வைத்துக் கொத்திவிட்டால் பிடிக்கும். இங்கே உளிக்குப் பதில் கிரைண்டர்.

டயரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி கிரைண்டிங் டிஸ்க்கின் ஓரத்தால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள், அலுமினியத் தூள் கண்ணில் விழுந்தால் பெரிய வினை. கோடுகள் நெருக்கமாகவும் ஒரே ஆழத்திலும் விழ வேண்டும். ஓரிடத்தில் ஆழமாகப் போனால் அங்கே மட்டும் பிரேக் வெடுக்கென்று பிடிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பேட்டை அரம் போல அராவித் தின்னும், அப்புறம் அடங்கிவிடும். நான் ஓட்டும் அளவுக்கு ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி கிரைண்ட் போடுகிறேன். தேய்வது திடீரென்று நடப்பதில்லை. விரலால் தடவினாலே தெரியும், லீவரில் கை வைத்தாலும் தெரியும். அரைமணி நேர வேலை, புதுச் சக்கரம் போல ஆகிவிடும். எண்ணெய் பட்டாலும் ரிம்மைக் கழுவித் துடைத்துவிடலாம், பேட் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியது: பேட் முழு முகமும் ரிம்மில் ஒரே நேரத்தில் படும்படி நான்கு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோணல் வந்தே தீரும். இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி எனக்குச் சரியாக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பிரேமின் பின்தண்டுகள் வெளிப்பக்கம் விரிவதைத் தடுக்க, குதிரைலாடம் போன்ற பூஸ்டர் தகடு ஒன்று உண்டு, அதை விடாதீர்கள். எண்ணெய் நிரப்பும்போது கீழேயிருந்து சிரிஞ்சால் மேல்நோக்கித் தள்ளுங்கள், காற்றுக்குமிழ் தானாக லீவர் வழியே வெளியேறும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் நிரப்புபவர்களும் உண்டு, லீவர் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பார்கள். யார்க்ஷயர் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும், உறைதடுப்பான் கலந்தாக வேண்டும். நான் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டேன்.

குறைகளும் இருக்கின்றன. கிரைண்ட் போட்ட ரிம் கூச்சலிடும், குடியிருப்புப் பகுதியில் ஞாயிறு காலையில் ஓட்ட முடியாது. ஒவ்வொரு கிரைண்டுக்கும் ரிம் கொஞ்சம் மெலிகிறது. காற்று குறைவாக வைத்துத்தான் ஓட்டுகிறோம், அதனால் படிக்கட்டின் விளிம்பில் தப்பாக இறங்கினால் ரிம் நசுங்கும். டிஸ்க்காக இருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ரிம் பிரேக்கில் பெண்டு எடுக்கும்வரை பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்வது 26 இன்ச் சக்கரத்துக்கு. 20 இன்ச் ட்ரையல்ஸ் சைக்கிளின் பின்ரிம் 387 மி.மீ.தான், அங்கே அந்த மூன்றரை மடங்கு இரண்டரைக்குக் கீழே வந்துவிடுகிறது. அந்த வண்டியை நான் ஒரு மாதம் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி, அதனால் அதற்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்க்கிலும் ஒரே ஒரு மாடலைத்தான் ஓட்டியிருக்கிறேன். 180 மி.மீ. ரோட்டர் போட்டிருந்தால் என் கருத்து கொஞ்சம் மாறியிருக்கலாம்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. ரிம் பிரேக் வண்டியானால் பின்ரிம்மின் பக்கவாட்டில் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் புது ரிம், கம்பிகள், கட்டுகூலி மூன்றையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.